கால்வாய்க்கு இந்தப் பக்கம்

ஊரில் அவளை எல்லாரும் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பயிற்சிக் காரில், சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு "பிரேக்கு... மெதுவா... பிரேக்கு" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே வருவாள். கற்றுக்கொள்ள வந்த ஒரு குறும்புக்காரி வைத்த பெயர் அது. கடைசியில் தேர்தல் சுவரொட்டியில் அவளுடைய சொந்தப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ஏறிவிட்டது.

தேர்தலில் நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதே இல்லை. அவள் வார்டின் பழைய உறுப்பினர் மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். வேறு யாரும் முன்வரவில்லை. வார்டில் பாதிப் பேர் அவளிடம் ஓட்டக் கற்றவர்கள்; அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். "தெருவிளக்கு எரியலன்னா போன் போட்டுச் சொல்ற வேலைதானே, நின்னுட்டுப் போ" என்றார் கணவர். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

எதிரே லாரி வந்தாலும் பிரேக்கக்காவுக்குக் கை நடுங்காது. ஆனால் நாலு பேர் சேர்ந்து நின்று அவளையே பார்த்தால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.  இரண்டு வருடத்தில் ஊர் மன்றக் கூட்டத்தில் அவள் பேசியது மொத்தமே தெருவிளக்கைப் பற்றியும், பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை போடுவதைப் பற்றியும்தான்.

அந்த ஊருக்கும் மாநகரத்துக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் எட்டு மாடி, பத்து மாடி. இந்தப் பக்கம் மாடி வைத்த வீடே குறைவு. ஊருக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரும். சாக்கடைக் குழாய்கள் எப்போதோ போட்டவை. பெருமழை பெய்தால் சாக்கடையின் தெருமூடிகள் தாமாகவே தூக்கிக்கொண்டு உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். அப்போது ஊர்க்காரர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

கால்வாய்க்கு இந்தப் பக்கம், ஊர் எல்லைக்குள், மூடிப்போன கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் நிலத்தை மாநகராட்சி வாங்கிவிட்டது என்ற செய்தி முதலில் டீக்கடைக்கு வந்தது, அப்புறம்தான் மன்றத்துக்கு வந்தது. பிறகு ஒரு நாள் அதிகாரி ஒருவர் காரில் வந்து இறங்கினார். இரண்டு பேர் தூக்கிவந்து மன்றத்து மேசையில் ஒரு கட்டட மாதிரியை வைத்தார்கள். வெள்ளை வெள்ளையாகக் கோபுரங்கள். கீழே பஞ்சில் செய்த பச்சை மரங்கள். மரத்தடியில் குண்டூசித் தலை அளவுக்கு மனிதர்கள்.

"எங்க பழைய குடியிருப்புகள் எல்லாம் இடிஞ்சு விழுற நிலைமையில இருக்கு" என்றார் அதிகாரி. "அந்தக் குடும்பங்கள வேற எங்கயாவது வைக்கணும். எங்ககிட்ட இடம் இல்ல, உங்க எல்லையில இருக்கு. ஆயிரத்து அறுநூறு வீடு. தொழிற்சாலை நிலத்தைக் குடியிருப்பு நிலமா மாத்த உங்க மன்றத்தோட தீர்மானம் மட்டும்தான் பாக்கி."

மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தண்ணி எங்கிருந்து வரும்?"

"அது அடுத்த கட்டம்."

"சாக்கடை?"

"அதுவும் அடுத்த கட்டம்தான்."

"பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம்?"

அதிகாரி சிரித்தார். அதன்பிறகு ஊரில் அந்தச் சொல் பரவிவிட்டது. கைமாற்றாக வாங்கிய ஏணியைத் திருப்பிக் கேட்டால்கூட "அடுத்த கட்டம்" என்றார்கள். சிரிப்பு ஒரு வாரம் இருந்தது. அதற்குப் பிறகு பயம் வந்தது.

பிரேக்கக்கா அந்தப் பயத்தைக் காருக்குள் உட்கார்ந்தபடி கேட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் வாய் சும்மா இருக்காது. மருந்துக்கடைக்காரி ஒரு திருப்பத்தில் சிக்னல் போட மறந்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம ஊரே மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம் வீடு. அதுல பாதி ஒரே நாள்ல வந்து இறங்கினா என்னக்கா ஆகும்? பஸ்ல நிக்க இடம் இருக்குமா? யாரு எவருன்னே தெரியாது. எம் பொண்ணு டியூஷன் விட்டுத் தனியாத்தான் வர்றா."

"இன்டிகேட்டர்" என்றாள் பிரேக்கக்கா.

"நீங்க என்ன பண்ணப் போறீங்க? கை தூக்குவீங்களா, மாட்டீங்களா?"

"முதல்ல இந்தத் திருப்பத்த முடிங்க."

அவளுக்கும் பயம்தான். தொட்டித் தண்ணீர் இப்போதே மேட்டுத் தெருவுக்கு ஏறுவதில்லை. ஆயிரத்து அறுநூறு வீட்டுச் சாக்கடை அந்தப் பழைய குழாயில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே அவள் விரும்பவில்லை. ஆனால் ஊர் பயந்தது ஒரு பக்கத்தைப் பார்த்து. அவளுக்கு இரண்டு பக்கமும் நெருப்பு. இடிக்கப்போகும் அந்தப் பழைய குடியிருப்புகளில் ஒன்றில்தான் அவளுடைய தம்பி குடியிருந்தான்.

தம்பி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை செய்தான். அவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். நாலாவது மாடி. நகரத்தில் வேறு வீடு பார்க்கலாம் என்றால், அவன் சம்பளத்துக்கு மொட்டை மாடியில் ஒரு மூலைகூடக் கிடைக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரேக்கக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அங்கே போனாள்.

படிக்கட்டின் அடியில் இரும்புக் கம்பங்களை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கம்பத்திலேயே யாரோ கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். மூன்றாவது மாடிச் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். அதன் குறுக்கே பொறியாளர்கள் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவைத்திருந்தார்கள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையுமாம். உடைந்திருந்தது. பிரேக்கக்கா சுவரைத் தொடாமல், படியின் நடுவில் கால் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"போன மாசம் எதிர் பிளாக்ல ஒரு பால்கனி அப்படியே இறங்கிருச்சு, அண்ணி" என்றாள் தம்பி மனைவி, பழத்தை வாங்கிக்கொண்டே. யாரோ வீட்டில் பால் பொங்கிவிட்டது என்பது போல அதைச் சொன்னாள். "நல்ல வேளை, ஆள் இல்ல."

தம்பி மகளின் புத்தகப்பை கதவுக்குப் பக்கத்தில் நின்றது. "ஏன்டி இங்க வச்சிருக்க? தடுக்கி விழவா?" என்று பிரேக்கக்கா கேட்டாள்.

"ஓடணும்னா எடுத்துட்டு ஓடலாம்ல, அத்தை."

டீ ஆறிக்கொண்டிருந்தது. தம்பி சுற்றி வளைக்காமல் கேட்டான். "உங்க மன்றத்துல எப்ப ஓட்டெடுப்பு?"

"அடுத்த மாசம்."

"நீ ஒரு கை தூக்கினா எங்களுக்கு ஒரு வீடு வரும், அக்கா."

"என் ஒரு கையில என்னடா இருக்கு? தண்ணி இல்லாம, சாக்கடை இல்லாம கட்டி விட்டுட்டா, நீ வந்து இருந்து என்ன பண்ணுவ? என் ஊர்க்காரங்க மூழ்குவாங்க. கூடவே நீயும் மூழ்குவ."

"மூழ்கினா எழுந்திரிக்கலாம். இது தலையில விழுந்தா?" என்று அவன் மேலே கையைக் காட்டினான். கூரையில் சிமெண்டு உதிர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

தம்பி மனைவி கப்பை எடுத்துக்கொண்டு போகும்போது மெதுவாகச் சொன்னாள்: "குப்பையக் கொண்டுவந்து கொட்டப் போறாங்கன்னு உங்க ஊர்ல எங்களப் பத்திப் பேசிக்கிறாங்களாமே அண்ணி. பஸ்ல கேட்டேன்."

பிரேக்கக்கா எழுந்து செருப்பை மாட்டினாள். இறங்கும்போது அந்த விரிசல் பக்கம் திரும்பாமல் இறங்கினாள்.

ஊரில் எதிர்ப்பைத் திரட்டியவர் இரும்புக்கடைக்காரர். மன்ற உறுப்பினர் இல்லை. ஆனால் அவர் கடை வாசலில்தான் ஊர் கூடும். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. முந்தைய மழையில் சாக்கடைத் தண்ணீர் அவர் மகள் வீட்டுக்குள் புகுந்து, பிறந்து சில வாரமே ஆன பேரன் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதிலிருந்து அவர் பேச்சில் ஒரு உறுமல் சேர்ந்துவிட்டது. ஒரு நாள் அவர் பயிற்சிக் காரை நிறுத்தி, ஜன்னலில் குனிந்தார்.

"உங்க தம்பி சிட்டியில எங்கம்மா இருக்காரு?"

"அங்கதான்... ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல."

"பக்கத்துலன்னா?"

 ஸ்டியரிங்கில் இருந்த கல்லூரிப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரும்புக்கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவருக்குப் பதில் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் காரின் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் 'சிட்டி ஏஜென்ட்' என்று எழுதியிருந்தது. கணவர் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்துப் பார்த்தார். எழுத்து போகவில்லை, சுற்றியிருந்த வெள்ளைதான் போனது. அதற்குள் தெருவே பார்த்துவிட்டது. அந்த வாரம் கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி. மருந்துக்கடைக்காரி மட்டும் உண்மையைச் சொன்னாள்: "வந்தா என் கடைக்கு யாரும் வர மாட்டாங்க, அக்கா. தப்பா நினைக்காதீங்க."

வீட்டுக்குத் தொலைபேசி வரும். எடுத்தால் எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்கும். திட்டினாலாவது யார் குரல் என்று தெரியும். இந்த மூச்சு ஊரில் யாருடைய மூச்சாகவும் இருக்கலாம். அதனால் ரொட்டிக்கடையில் முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் எல்லாரையும் அவள் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். பழகிய முகங்கள் எல்லாம் மூடிய கதவுகள் போல ஆகிவிட்டன.

நிற்காமல் வந்துகொண்டிருந்தவள் அந்தக் கல்லூரிப் பெண் ஒருத்திதான். ஒரு மாலை, தொழிற்சாலைச் சாலையில் அவள் ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேர், தலைக்கவசத்தில் முகம் தெரியவில்லை. இவர்கள் வேகத்தைக் குறைத்தால் அவர்களும் குறைத்தார்கள். திரும்பினால் திரும்பினார்கள்.

"அக்கா, பின்னாடி..."

"கண்ணாடியப் பாக்காத. ரோட்டப் பாரு."

நொடிக்கு நொடி கண்ணாடியைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அந்தப் பெண்ணின் விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்திருந்தன. பிரேக்கக்கா பாதத்தை மிதிமேல் அழுத்தாமல் வைத்திருந்தாள். நின்றால் என்ன செய்வார்கள், நிற்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. கடைத்தெருவுக்குள் வந்ததும் மோட்டார் சைக்கிள் ஒரு நீண்ட ஹாரன் அடித்துவிட்டுப் பிரிந்து போனது. அவ்வளவுதான். யாரும் அவளைத் தொடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவளால் குனிய முடியவில்லை. சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ராஜினாமா பண்ணிடு" என்றார் கணவர். "நமக்கு எதுக்கு இந்தக் குளவிக் கூடு?"

"பண்ணிட்டா தம்பி முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அப்ப கையத் தூக்கு."

"தூக்கினா இந்த ஊர்ல எப்படி இருப்போம்?"

அவர் கொஞ்ச நேரம் ஸ்க்ரூடிரைவரை உருட்டிக்கொண்டிருந்தார். கழற்றிப் பார்த்துச் சரிசெய்ய முடியாத சங்கதி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அவர் அன்றுதான் ஒப்புக்கொண்டார் போலிருக்கிறது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஓட்டெடுப்பு நாளில் மன்றக் கட்டடத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே பெருங்கூட்டம். யாரோ கல்லால் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே ஒன்பது உறுப்பினர்கள், சுவரோரம் அந்த அதிகாரி. முகவாயைத் தடவிக்கொண்டே தலைவர் தீர்மானத்தைப் படித்தார். படித்து முடித்ததும் பிரேக்கக்கா எழுந்தாள். எழுந்ததை அவளே நம்பவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தம்பி இடிக்கப்போற பிளாக்லதான் இருக்கான்" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "இத வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்றேன். அந்த வீட்டுப் படியில நான் ஏறியிருக்கேன். அவங்கள அங்கயே விட்டு வைக்கக் கூடாது. ஆனா இங்க தண்ணியும் சாக்கடையும் இல்லாம கொண்டுவந்து விடவும் கூடாது. மாநகராட்சி தன்னோட குழாய பாலத்துக்கு மேல கொண்டுவரணும். சாக்கடைய அவங்க பக்கமே எடுத்துக்கணும். பள்ளிக்கூடத்துல ஒரு கட்டடம் கூடுதலா கட்டணும். இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் குடி வைக்கணும்னு தீர்மானத்துலயே எழுதிடலாம். எழுதினா சம்மதிக்கலாம்."

"பரிசீலிக்கலாம்" என்றார் அதிகாரி.

"அது அடுத்த கட்டம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைவர் சங்கடத்தோடு இருமினார். சொந்தக்காரருக்கு லாபம் உள்ள விஷயத்தில் உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது என்பது விதி. பிரேக்கக்கா வெளியே தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தாள். கதவில் கல் மோதும் ஒவ்வொரு தடவையும் அவள் தோள் துள்ளியது. உள்ளே நாலுக்கு நாலு என்று வந்தது. தலைவர்தான் முடிவு சொல்ல வேண்டும். அவர் ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், பிறகு ஒத்திவைப்பதாக அறிவித்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே படிக்கட்டு விழுந்துவிட்டது.

அது ஒரு முற்பகல். கல்லூரிப் பெண் காரைப் பின்னோக்கி எடுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பிரேக்கக்காவின் கைபேசி ஒலித்தது. தம்பி. "அக்கா, நான் வேலையில இருக்கேன். பிளாக்குல படி இறங்கிருச்சாம். புள்ள ஸ்கூல்ல இருக்கா. என் வீட்டுக்காரி மேல இருக்கா. போன எடுக்க மாட்டேங்குறா."

பிரேக்கக்கா அந்தப் பெண்ணை இறக்கிவிட்டு ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள். கூரைமேல் 'பயிற்சி வாகனம்' என்ற பலகையோடு, பக்கவாட்டில் பாதி அழிந்த சிவப்பு எழுத்தோடு, பாலத்தைத் தாண்டி நகரத்துக்குள் போனாள். பயிற்சிக் கார்தானே என்று பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்து முந்திப் போனார்கள். எந்த சிக்னலில் நின்றோம், எங்கே திரும்பினோம் என்று பிறகு அவளால் நினைவுபடுத்த முடியவில்லை. ஒரே ஒரு நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது: நாலாவது மாடி, நாலாவது மாடி.

குடியிருப்பின் முன்னால் வெள்ளைப் புழுதி நின்றது. தீயணைப்பு வண்டியின் ஏணி அடுத்த பக்கத்து ஜன்னலுக்குப் போயிருந்தது. படிக்கட்டு இருந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை வெறும் ஓட்டை. ஒவ்வொரு மாடியின் கதவும் அந்தரத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. தம்பி வீட்டுக் கதவில் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு அடி எடுத்து வைத்தால் கீழே. அவள் அழவில்லை, கூப்பிடவில்லை. நிலைக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி, பிரேக்கக்காவைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தாள்.

"உள்ள போ. சுவரோரமா உக்காரு" என்று பிரேக்கக்கா கத்தினாள். குரல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

ஏணி அவள் பக்கம் வந்து சேர மாலையாகிவிட்டது. அதுவரை பிரேக்கக்கா கண்ணை எடுக்கவில்லை. சுவரில் எங்காவது ஒரு துண்டு உதிர்ந்தாலும் கூட்டம் முழுக்க ஒரு அடி பின்வாங்கும். அவளால் பின்வாங்க முடியவில்லை, முன்னால் போகவும் காவலர்கள் விடவில்லை. தம்பி வேலை உடுப்போடு ஓடிவந்து பக்கத்தில் நின்றான்.  மனைவி ஏணியில் இறங்கி வந்து தரையைத் தொட்டதும், அவன் அவள் தலையிலிருந்த புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான். இரண்டாவது மாடியில் இருந்த கடிகாரம் பழுதுபார்ப்பவர் அந்த நேரத்தில் படியில் ஏறிக்கொண்டிருந்தாராம். அவரை மறுநாள்தான் எடுத்தார்கள்.

தம்பி குடும்பம் பிரேக்கக்கா வீட்டுக்கு வந்தது. இரண்டே அறை. ஒன்றில் கணவர் பழுதுபார்க்க வைத்திருந்த ஃபிரிட்ஜ்களைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் படுக்கை விரித்தார்கள்.

சில நாள் கழித்து வாசலில் இரும்புக்கடைக்காரர் வந்து நின்றார். பிரேக்கக்கா கதவை முழுதாகத் திறக்கவில்லை. அவர் கூடவே ஒரு தள்ளுவண்டி, அதில் மடக்குக் கட்டில் இரண்டு.

"தம்பி பொண்டாட்டிக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. தூக்கத்துல தூக்கிப் போடுது."

"போடத்தான் செய்யும்." கட்டில்களை இறக்கச் சொன்னார். "இதுக்காக நான் மனசு மாறிட்டேன்னு நினைக்காதீங்க. அந்தக் கட்டடம் வரக் கூடாதுன்னுதான் நிப்பேன். கார்ல எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும். நான் எழுதச் சொல்லல. ஆனா எழுதினப்போ தடுக்கவும் இல்ல." அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒத்திவைத்த கூட்டம் மறுபடி கூடவே இல்லை. படிக்கட்டு விபத்துக்குப் பிறகு மேலிடத்திலிருந்து அவசர ஆணை வந்தது. நிலம் மாற்றப்பட்டது, மன்றத்தின் தீர்மானம் இனித் தேவையில்லை. தீர்மானம் போனதும் அதில் எழுதலாம் என்று அவள் சொன்ன நிபந்தனைகளும் சேர்ந்தே போயின. சம்மதித்திருந்தால் குழாயாவது கேட்டிருக்கலாம். மறுத்திருந்தால் மறுத்தோம் என்றாவது இருந்திருக்கும். பயந்து நடுவில் நின்றதில் இரண்டும் இல்லை. தலைவர், பிரேக்கக்கா, இரும்புக்கடைக்காரர் மூவரும் ஒன்றாக நகரத்துக்குப் போய்க் கேட்டார்கள். தண்ணீர் லாரியில் வரும் என்றார்கள். சாக்கடை, இப்போதைக்கு, ஊரின் குழாயிலேயே சேருமாம்.

தொழிற்சாலை நிலத்தில் தூண்கள் எழும்பத் தொடங்கின. இரும்புக்கடைக்காரர் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "கட்டடத்த நிறுத்த முடியாதாம். ஆனா குழாய் வராம குடி வைக்கக் கூடாதுன்னு கேக்கலாமாம். மன்றத்துல அத முதல்ல சொன்னது நீங்க. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் வழக்கு நிக்கும்."

பிரேக்கக்கா பேனாவை வாங்கினாள். கையெழுத்து என்றால் தாமதம். தாமதம் என்றால் அவள் தம்பிக்கு வீடு இன்னும் தள்ளிப்போகும். பக்கத்து அறையில் தம்பி மகள் ஃபிரிட்ஜ்களுக்கு நடுவில் உட்கார்ந்து உரக்கப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். வழக்கறிஞரின் ஆளும் இரும்புக்கடைக்காரரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருமூடி தூக்கிக்கொண்டு வரும் தண்ணீரும், அதில் நடக்கும் ஆயிரத்து அறுநூறு குடும்பமும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. கையெழுத்து கோணலாக விழுந்தது.

தம்பிக்கு அவளே சொன்னாள். அவன் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டான்.

"ஊர்க்காரங்கன்னா உனக்கு யாருன்னு இப்பப் புரிஞ்சுது."

"டேய், உனக்கும் சேத்துத்தான்டா..."

"எனக்கு வீடு வேணும்னு கேட்டேன். நல்லது வேணும்னு கேக்கல."

அந்த வாரமே அவன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சமையல்காரரோடு சேர்ந்து ஒரு அறை பிடித்துக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனான். தம்பி மனைவி மட்டும் கிளம்பும்போது நின்று, "அண்ணி, உடம்பப் பாத்துக்கோங்க" என்றாள். தம்பி போன் எடுப்பதை நிறுத்திவிட்டான். விசேஷ நாட்களில் தம்பி மகள் மட்டும் பேசுவாள். அப்பாவிடம் கொடு என்றால், "அப்பா குளிக்கிறாரு, அத்தை" என்பாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் குளித்துக்கொண்டே இருந்தான்.

வழக்கு இழுத்தது. அந்த ஒவ்வொரு மாதமும் பிரேக்கக்கா பயந்தாள். அந்த அறையில் மின்கசிவு என்று வந்தால்? தம்பி மனைவிக்குத் தூக்கத்தில் தூக்கிப்போடுவது இன்னும் நிற்கவில்லை என்று கேள்விப்பட்டபோது, தானே அவளை அந்த நிலையில் நிறுத்தி வைத்திருப்பதாக நினைத்தாள். கற்றுக்கொள்ள வருபவர்கள் மெதுவாகத் திரும்பி வந்தார்கள். மருந்துக்கடைக்காரியும் வந்தாள். பிரேக்கக்கா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள், ஆனால் பழையபடி கதை பேசவில்லை.

கடைசியில் நீதிமன்றம் உத்தரவு போட்டது. பாலத்துக்கு அடியில் கருப்புக் குழாய்கள் இரண்டு வந்தன, ஒன்று தண்ணீருக்கு, ஒன்று சாக்கடைக்கு. பள்ளிக்கூடக் கட்டடம் வரவில்லை. அதற்கு இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். இடையில் வந்த தேர்தலில் பிரேக்கக்கா நிற்கவில்லை. இரும்புக்கடைக்காரர் நின்று ஜெயித்தார்.

குடி வந்த நாள் காலையில் ஊர்க்காரர்கள் சாலையின் ஓரமாக வந்து நின்றார்கள். யாரும் கூப்பிட்டு வரவில்லை; ஒவ்வொருவராக வந்து சேர்ந்ததுதான். கையில் ஒன்றும் இல்லை, வாயிலும் சத்தம் இல்லை. அந்தச் சத்தமின்மைதான் பிரேக்கக்காவைப் பயமுறுத்தியது. மூட்டை முடிச்சுகளோடு பேருந்துகள் வரிசையாக வந்து நின்றன. கதவுகள் திறந்தன. உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியே வெளியே நிற்பவர்களைப் பார்த்தார்கள், ஒருவரும் இறங்கவில்லை. ஒரு குழந்தை அழுதது, தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

ஒரு கல் போதும் என்று பிரேக்கக்காவுக்குத் தோன்றியது. ஒரே ஒரு பையன், ஒரே ஒரு கல். அந்தத் தலைக்கவசக்காரர்கள் இந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறார்கள் என்று கண்ணால் தேடினாள். எல்லாரும் அவர்களைப் போலவே இருந்தார்கள்.  அப்படியும் அவள் சாலையைக் கடந்து, பேருந்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றாள். பேசலாம் என்று வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. சும்மா நின்றாள்.

"வெயில் ஏறுது" என்றார் இரும்புக்கடைக்காரர் பின்னாலிருந்து, யாரிடம் என்று இல்லாமல். "நிக்கிறவங்க கொஞ்சம் தள்ளி நின்னா சாமான் இறக்கலாம்."

கூட்டம் தள்ளி நின்றது. கலையவில்லை, தள்ளி நின்றது.

மூன்றாவது பேருந்திலிருந்து தம்பி மகள் முதலில் குதித்தாள். அவளுக்குப் பின்னால் தம்பி மனைவி, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே, படியில் காலை மெதுவாக வைத்து இறங்கினாள். கடைசியாகத் தம்பி. ஆள் இளைத்திருந்தான். கையில் பழைய துணி சுற்றிய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, அவன் நெஞ்சு உயரத்துக்கு. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பெட்டியை இழுக்கப் பார்த்தான், முடியவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பார்வை அவள் முகத்தில் நிற்காமல் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ போய் நின்றது.

"பிடி" என்றான். "கீழ போட்டுடாத."

அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. எந்தப் பிளாக், எந்த மாடி என்று கேட்கவில்லை. அவன் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் பின்னால் நடந்தாள், தரையைப் பார்த்துப் பார்த்து.